பந்தியை எழவிடாத புரோகிராம்

அந்தோணியார் மீது சத்தியம், பிரியாணி அண்டா மீதும் சத்தியம்: இதில் ஒரு எழுத்துகூடக் கட்டுக்கதை கிடையாது.

இரண்டாயிரத்து ஒன்றில் ராயபுரம் கல்மண்டபம் பக்கத்து ஹாலில் ஸ்டானிஸ்லாஸின் தங்கை சில்வியாவுக்கு நிச்சயதார்த்தம். அப்பா ஞானத்துக்கோ தொண்டை கட்டிக்கொண்டு வந்தது. விருந்தாளிகளை யார் உபசரிப்பது? முழுக்க அடைப்பதற்குள் ஸ்டானிஸ்லாஸ் அந்தக் குரலைக் கம்ப்யூட்டரில் பிடித்துவிட்டான். ஜாவா படிக்கிறவன் அல்லவா! ஒரே புரோகிராமில் இரண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் இரண்டு வேலை. ஒன்று பைலா பாட்டுப் போடும். மற்றது கொஞ்சம் தூங்கும், எழும், "இன்னும் ஒரு வாய் சாப்டணும், எயுந்துக்காதீங்க!" என்று கூவும், மறுபடி தூங்கும்.

வீட்டுப் பெரியவர் அப்படிச் சொல்லும்போது எழுந்தால் மரியாதையா? முதல் பந்தி எழவே இல்லை. அண்டா பாதி காலி. மாப்பிள்ளை வீட்டார் எண்ணூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அவர்களிடம் வெறும் அண்டாவைக் காட்டினால் கல்யாணம் அன்றோடு சரி.

"ப்ளக்கைப் புடுங்கு மாமு," என்றான் கூடப் படிக்கும் சித்தார்த்.

"பாட்டும் நின்னுடும். அத்தைங்க ஆடிகினு கீறாங்க. நீயே போய்ப் புடுங்கு."

சித்தார்த் அத்தைகளைப் பார்த்தான். புடுங்கவில்லை.

"அப்ப அந்தக் கூவற த்ரெட்டை மட்டும் வெளியேர்ந்து ஸ்டாப் பண்ணு."

"ரெண்டு த்ரெட்டும் ஒரே சவுண்ட் கார்டைப் புடிச்சிகினு கீது. ஒண்ணு பாதியில உட்டுட்டுப் பூட்ச்சின்னா பாட்டும் கலீஜாயிடும்."

தூங்கும் த்ரெட்டைத் தட்டி எழுப்ப ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினான். எழுந்தது. எழுந்த பிறகு கூவுவதை நிறுத்தவேண்டும் என்று அவன் எழுதி வைக்கவில்லை. "இன்னும் ஒரு வாய்!" என்றது. பதறி அமுக்க அமுக்க, மூச்சு விடாமல் கூவியது.

"ஞானம் இன்னாமா கெஞ்சறான், பாவம்!" என்று கண் கலங்கிய லூயிஸ் மாமா, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

"போதுமான்னு அதுவாப் பாத்து நின்னாதான் உண்டு, நைனா," என்றான் சித்தார்த். "போதும்னு அதுக்கு யார் காட்னாங்க?"

ஸ்டானிஸ்லாஸ் ஓடினான். சாப்பிட்ட இலை ஒன்றைத் தூக்கிவந்து மானிட்டர் முன்னால் விரித்து, பயபக்தியோடு மடித்தான்.

ஸ்பீக்கர் ஒரு ஏப்பம் விட்டது. த்ரெட் நின்றது. பைலாவில் ஒரு தாளம் தப்பவில்லை. ஹால் மொத்தமும் கை கழுவ எழுந்தது. வாசலில் வேன் வந்து நின்றபோது, அண்டாவில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் அளவாக மிஞ்சியிருந்தது.

அன்று விடிந்ததிலிருந்து ராயபுரம் முழுக்கக் கரண்ட் இல்லை.