மூடிக்கொண்ட மூன்று

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவளுக்கும் கொழுந்தனுக்கும் ஆகாது. அவள் கணினியில் எழுத்துரு வடிவமைப்பவள். அவன் மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் வைத்திருந்தான். "எங்க அண்ணி அ, ஆ எழுதியே பொழைக்கிறாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நக்கலடிப்பான்.

இரண்டு வருடம் மல்லுக்கட்டி அவள் ஒரு தடித்த எழுத்துருவை முடித்தாள். கடைப்பலகை, பொம்மைப் பெட்டி, சுவரொட்டி என்று பெரிதாகப் போடுவதற்கென்றே வரைந்தது. ஒரு முனைகூடக் கூராக இல்லை. சுழியெல்லாம் புசுபுசுவென்று உப்பியிருந்தன. கொழுந்தன் பார்த்துவிட்டு, "குண்டு" என்றான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

குழந்தைகளுக்கான இருமல் மருந்து ஒன்றின் லேபிள் வேலை அவனுக்குக் கிடைத்தது. அதற்குக் குண்டுதான் வேண்டும் என்றான். கணவன் கெஞ்சியதால் கொடுத்தாள்.

"மருந்துப் பேருக்கு மட்டும் போடுங்க. பொடி எழுத்துல போட்டா உள்ள இருக்கிற சந்தெல்லாம் அடைச்சுக்கும்."

"தெரியும் அண்ணி. நானும் அச்சகம்தான் நடத்துறேன்."

மறுபடியும் சொன்னாள். அவன் போனைப் பார்த்தபடி தலையாட்டினான்.

அச்சான லேபிள் ஒன்றைக் கணவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். மேலிருந்து கீழ்வரை குண்டுதான். கடைசி வரியில் அளவு இருந்தது: ஒரு வேளைக்கு மூன்று மில்லி. மூன்றை 3 என்று எண்ணில் போட்டிருந்தார்கள். அதன் உப்பிய இரண்டு நுனிகளும் மையில் நடுவோடு ஒட்டி வாயை மூடியிருந்தன.

"இது என்ன நம்பர்?"

"எட்டு" என்றான் கணவன்.

அவள் நேரே அச்சகத்துக்குப் போனாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. லேபிளைக் கொழுந்தனின் மேசையில் வைத்தாள்.

"நிறுத்துங்க. மூணு எட்டாத் தெரியுது. கைக்குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து."

"கண்ணாடியை மாத்துங்க அண்ணி."

"உங்க அண்ணனே எட்டுன்னுதான் படிச்சார்."

அவன் எழுந்து நின்றான். "இத்தனை நாளா நான் எப்படா சறுக்குவேன்னு காத்துக்கிட்டிருந்த இல்ல? வெளிய போ!"

அவளை அவன் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

வாசலுக்கு வந்ததும் மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டாள். தரம் பார்க்கும் அதிகாரி மத்தியானமே வந்து, எடுத்த எடுப்பில் எட்டு என்று படித்தார். அடித்த லேபிள் அத்தனையும் அவர் கண்முன்னே கிழிபட்டன. வேலை வேறு அச்சகத்துக்குப் போனது.

சாயங்காலம் மாமியார் போன் செய்தாள். "பெத்த வயிறு எரியுது. அவன்கிட்டயே இன்னொரு தடவை சொன்னா உன் வாய் முத்தா உதிர்ந்திடும்?"

"மூணு தடவை சொல்லியாச்சு அத்தை."

போன் துண்டிக்கப்பட்டது.

கொழுந்தன் அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கணவன் நான்கு நாள் உம்மென்று இருந்தான். ஐந்தாம் நாள் சாப்பிடும்போது வாயைத் திறந்தான்.

"கம்பெனிக்குப் போன் பண்ணினப்ப உனக்குச் சந்தோஷமா இருந்துச்சா?"

"குழந்தைங்களுக்காகப் பண்ணினேன்."

"நான் அதைக் கேக்கலை."

அவளுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இருந்துச்சு" என்றாள்.

அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான்.