நேர்ந்துவிட்ட முடி

"வீட்ல நாய் வளக்கிறீங்களாண்ணே?"

ஹரிராம் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பைபாஸ் ரோட்டில் இருந்த அந்தக் கடையின் இரண்டாவது மாடியில், மிக்ஸிகளையும் இஸ்திரிப் பெட்டிகளையும் தாண்டி, கடைசி அலமாரியில் சின்னச் சின்ன வாக்யூம் கிளீனர்கள் ஏழெட்டு நின்றன. சார்ஜ் போட்டுவிட்டால் வயர் இல்லாமல் ஓடுகிற ரகம். கார் ஸீட்டில் ஒட்டிக்கிடக்கிற முடியை எடுக்க எது நல்லது என்று அவர் கேட்டிருந்தார். அதற்குத்தான் விற்பனையாளன் செல்வக்குமார் அப்படிக் கேட்டான். கேள்வியில் ஒரு தப்பும் இல்லை.

"ஆமா" என்றார்.

"லேப்ரடாரா?"

"அதெல்லாம் தெரியாதுப்பா."

"கொட்டுமேண்ணே! எங்க மச்சினன் வீட்ல ஒண்ணு கெடக்கு. சோத்துல முடி, சட்டையில முடி. விருந்துக்குப் போன மாப்ளைக்குக் காப்பி குடுத்தா டம்ளர்ல முடி. நாயக் கட்டிப்போடுன்னா என்னைய வாசல்ல உக்கார வைக்கிறான்." அவனே சிரித்துக்கொண்டான். "கவலைய விடுங்க. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி ஒண்ணு இருக்கு."

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் முப்பத்து நாலு வருஷம் புடவை எடுத்துப் போட்டவர் ஹரிராம். யாருக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டால் சிலர் பொய் சொல்வார்கள். சொல்லும்போது அவர்கள் கண் புடவையை விட்டு நகராது. அந்த இடத்தில் கேள்வியை நிறுத்திவிட வேண்டும் என்பதை அவர் ஐந்தாறு வருஷத்தில் கற்றுக்கொண்டார். இப்போது அவருடைய கண்ணும் அலமாரியை விட்டு நகரவில்லை. செல்வக்குமாருக்கு அது பிடிபடவில்லை.

அவருக்கும் மனைவி சூடாமணிக்கும் ஒரே மகள் காவ்யஸ்ரீ. அவள் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. இருபத்து நாலு வயது. ரத்தத்தில் வந்த வியாதி. முதல் ஊசி போடுவதற்கு முந்தின நாள், ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள், நீளமாக இருந்தால் கொட்டும்போது பிள்ளைக்கு ரொம்பக் கஷ்டம் என்று சொன்னார். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி அது. அன்று காலையில்தான் சூடாமணி, வைத்தியம் நல்லபடியாக முடிந்தால் முழு முடியையும் அழகர்கோவிலில் இறக்குகிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி அலமாரியில் வைத்திருந்தாள். நேர்ந்துவிட்ட முடியில் கத்தரி படக்கூடாது என்றாள். ஹரிராம் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் அழகரை நம்புகிறவர். அந்த நேரத்தில் அழகரோடு பேரம் பேச அவருக்குப் பயமாக இருந்தது.

பதினெட்டாம் நாள் கொட்ட ஆரம்பித்தது. வெட்டியிருந்தால் துரும்பு துரும்பாக உதிர்ந்திருக்கும். இது முழ நீளத்துக்குக் கொத்துக் கொத்தாகக் கழன்றது. கழன்றது கழலாததோடு சிக்கிக்கொண்டு இழுத்தது. உச்சந்தலை புண்ணாகித் தலையணையில் வைக்க முடியாமல் போனது. ஒரு நாள் காவ்யா, "வெட்டி விட்டுடேம்மா" என்று கேட்டாள். "இன்னும் ரெண்டே ஊசிதான்டி. பொறுத்துக்கோ" என்றாள் சூடாமணி. பிள்ளை அதற்குப் பிறகு கேட்கவில்லை. இரண்டு ஊசியும் போடவில்லை. காய்ச்சல் வந்து ஆறாம் நாள் போய்விட்டாள்.

வீட்டில் விழுந்த முடியையெல்லாம் சூடாமணி ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்தாள். பிள்ளையைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று, உறவுக்காரப் பெண்கள் அறையைக் கழுவிவிட்டார்கள். பாய், தலையணை, உடுத்திய துணி எல்லாவற்றையும் சுருட்டி, வழக்கப்படி வண்டியிலேயே சுடுகாட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். உறையும் அதோடு போனது. யாரையும் குறை சொல்ல முடியாது. காரியமெல்லாம் முடிந்து பதினாறாம் நாள்தான் சூடாமணி அதைத் தேடினாள்.

மிச்சம் இருந்தது காரில் மட்டும். மகால் பக்கம் அவர்கள் குடியிருந்த சந்தில் ஆட்டோ நுழைந்தாலே சைக்கிள் ஒதுங்க வேண்டும். அதனால் காரை வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் வாடகைக்கு நிறுத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக அரைமணி, வர அரைமணி. பின் ஸீட்டில் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டுதான் காவ்யா போவாள், வருவாள். அவள் போன பிறகு அந்தக் காரில் இருவரும் ஏறவில்லை. எழுமலையிலிருந்து உக்கிரபாண்டி என்று ஒரு விவசாயி வந்து பார்த்துப் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எதற்கு விற்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, கண் சரியாகத் தெரியவில்லை என்று ஹரிராம் சொன்னார். சாவு வீட்டு வண்டி என்றால் யார் வாங்குவார்கள்?

"வண்டி போகட்டும்" என்று சூடாமணி அன்று ராத்திரி சௌராஷ்டிரத்தில் சொன்னாள். அழும்போதும் கோபத்திலும் மட்டுமல்ல, கணக்காகப் பேசும்போதும் அவளுக்கு வீட்டு மொழிதான் வரும். "அதுல இருக்கிற முடி போகக் கூடாது. ஒண்ணு விடாம எடுத்துட்டு வாங்க. வருஷம் திரும்பினதும் நான் கொண்டுபோய் அழகர்கிட்ட சேத்துடறேன்."

காரைத் துடைத்துக் கொடுக்கிற இடத்தில் விசாரித்தார். பைப்பில் காற்றடித்து மொத்தத்தையும் வெளியே தள்ளிவிடுவோம், பத்தே நிமிஷம் என்றார்கள். காற்றில் அது தெப்பக்குளம் ரோடு முழுக்கப் பறப்பதை நினைத்ததும் ஹரிராம் வேண்டாமென்று திரும்பிவிட்டார். அப்படியே விட்டுவிடவும் முடியாது. உக்கிரபாண்டி வீட்டுப் பொம்பளை யாராவது ஒருநாள் பட்டுச்சேலையில் ஒட்டிய நீள முடியை நகத்தால் கிள்ளி, முகத்தைச் சுளித்து, கண்ணாடியை இறக்கி வெளியே உதறுவாள். அந்த உதறலைத்தான் அவர் ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் கரண்ட் கிடையாது. அதனால்தான் வயர் இல்லாத இந்தச் சாமான்.

செல்வக்குமார் முதலில் எடுத்த மிஷினுக்கு முன்னால் உருளை மாதிரி ஒரு பிரஷ் சுற்றியது. "இது நாய் முடிக்குன்னே வந்ததுண்ணே. வேரோட புடுங்கிரும்."

"புடுங்கின முடி எங்க போகும்?"

"பாதி கப்புக்குள்ள போகும். நீளமா இருந்தா உருளையில சுத்திக்கும். அதுக்கு ஒண்ணும் இல்ல, கத்தரிய விட்டு ரெண்டு வெட்டு. தனியா வந்துரும்."

"கத்தரி வேண்டாம்."

"பிளேடு அவங்களே குடுக்கிறாங்கண்ணே, கூடவே."

"வேண்டாம்ப்பா. வேற காட்டு."

அடுத்தது தோளில் தொங்கவிடுகிற பெரியது. இருக்கிறதிலேயே இழுவை அதிகம் என்றான். பில்டரைக் கழற்றிக் காட்டினான். முந்தின டெமோவில் இழுத்த தூசி அதில் நசுங்கி, சாம்பல் நிறத்தில் பஞ்சுப் பொதியாக அப்பியிருந்தது. ஹரிராம் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கடைசியில் அலமாரி மூலையில் இருந்த ஒன்றைக் கேட்டார். ஒரு முழம்கூட இல்லாத சாமான். உள்ளே விழுவது வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடிக் கப்பு, நேரான மூக்கு.

"அண்ணே, அது பொம்மைண்ணே" என்றான் செல்வக்குமார். "ஸீட்டுல மிக்சர் சிந்தினா அள்ளலாம். சார்ஜும் இம்புட்டுத்தான், பதினஞ்சு நிமிஷம். நாளைக்கு நாய் முடி வரலைன்னு நீங்க என்னையத்தான் திட்டுவீங்க."

"முடிய அறுக்காம எடுக்குமா? ரெண்டு முழம் இருந்தா?"

"ரெண்டு முழமா? நாய்க்கு எங்கண்ணே…"

பக்கத்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த பாண்டீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும், கடை சீருடைப் புடவையில் பேர் அட்டை குத்தியிருந்தாள். "நீ செத்த அங்கிட்டுப் போ" என்று அவனை ஒதுக்கிவிட்டு அந்தச் சின்ன மிஷினை வாங்கினாள். தன் தோளில் கிடந்த ஒரு முடியை எடுத்து டெமோ மிதியடியின் மேல் நீளமாகப் போட்டாள். மிஷின் முனகியது. முடி முனையிலிருந்து மெதுவாக எழும்பி, மூக்குக்குள் நுழைந்து, கண்ணாடிக் கப்புக்குள் இரண்டு சுற்று சுற்றிப் படுத்தது. அவள் கப்பைக் கழற்றி, நுனியைப் பிடித்து வெளியே இழுத்தாள். வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தாள்.

"முழுசா வருதுப்பா" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. அவளே பெட்டியைக் கட்டி, கீழே வரைக்கும் தூக்கி வந்து கொடுத்தாள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வீட்டில் சார்ஜ் போட்டு, பையில் வைத்து, தெப்பக்குளத்துக்கு நடந்தார். செல்வக்குமார் சொன்னது உண்மைதான். அது தானாக இழுக்காது. ஸீட்டுத் துணியில் பின்னிக்கிடந்த முடியை முதலில் விரல் நுனியால் நெருடி எழுப்பிவிட வேண்டும், பிறகு மூக்கைக் கொண்டுபோக வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் ஒரு சாண் இடம் சுத்தமாகும். மிஷின் நின்ற பிறகும் நெருடிக்கொண்டிருந்தார். ஸீட்டு மடிப்புக்குள் மாத்திரை அட்டையின் மூலைகள் கிடைத்தன. ஆயுத பூஜைப் பொரி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட பேர் பட்டை ஒன்று இரண்டாக மடிந்து கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு மூடி வைத்தார்.

ஞாயிறு காலையில் சூடாமணி, "நானும் வாரேன்" என்றாள். கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கார்க் கதவைத் திறந்து, உட்காராமல், ஸீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். தூக்குவாளியைத் திறந்து பார்த்தாள்.

"இதுல வெள்ளை முடியும் கெடக்கே."

"அது உன்னோடது. பிரிக்க முடியல."

அவள் விரலால் அளைந்தாள். பெல்ட் மாட்டுகிற பள்ளமும் அதற்குப் பின்னால் இருந்த இடுக்கும்தான் பாக்கி. ஹரிராம் மிஷினை இடுக்குக்குள் விட்டார். அந்தச் சத்தத்தில் அவள் கேட்டது அவருக்கு முதலில் விழவில்லை. அணைத்தார்.

"பஜனை மடத்துல காணிக்கையப் பத்திக் கேட்டீங்களான்னேன்."

கேட்டிருந்தார். இருக்கிறவர்கள் முடிதான் காணிக்கை, போனவர்களுடையது தீட்டு, மலையடிவாரத்துக்கே கொண்டுபோகக் கூடாது என்று மடத்துப் பெரியவர் சொல்லியிருந்தார். அதை நாலு நாளாக வாய்க்குள் வைத்திருந்தார்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

அவர் மிஷினின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சூடாமணி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஸீட்டுப் பக்கம் திரும்பி, இடுக்கில் விரலை விட்டாள்.

"எடுங்க" என்றாள். "அந்த ஆள் வர்றதுக்குள்ள எடுங்க."

மிஷின் சிவப்பு விளக்கைச் சிமிட்டிவிட்டு அடங்கியது. பள்ளத்திலிருந்து அவள் விரலால் தோண்டி எடுத்ததையும் கப்பில் இருந்ததையும் தரையில் பேப்பர் விரித்துக் கொட்டினார்கள். மண், நூல், பொரித்தூள், நடுவில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சுருள். மண்ணைத் தட்டித் தட்டி ஒவ்வொரு இழையாக அவர்கள் உருவிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

"என்னண்ணே, ரெண்டு பேரும் தாயம் ஆடுறீகளா?"

உக்கிரபாண்டி ஒரு கையில் மாலையும் ஒரு கையில் நாலு எலுமிச்சம்பழமுமாக நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. "மாலைய ஒரு முழம் கூடத்தான் வாங்கியாந்தேன். புது மாப்ள கெணக்கா ஊருக்குள்ள போகணும்ல." மாலையை பானெட்டின் மேல் வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். இருவர் முகத்தையும் பேப்பரையும் பார்த்ததும் குரல் இறங்கியது. "எதுவும் தொலஞ்சு போச்சாண்ணே?"

"ஆமா" என்றார் ஹரிராம்.

"நகையா?"

சூடாமணி பேப்பரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தோடா, திருகாணியா? எம்புட்டுப் பெருசுக்கா?"

"சின்னதுதான்" என்றாள் சூடாமணி.

"அட, அதுக்கு ஏன் இப்படி வெளிறிப்போய் உக்காந்திருக்கீக? வண்டி எங்கயும் ஓடிரப் போறதில்ல. நல்ல நேரம் பத்தரை வரைக்கும் கெடக்கு. ஸீட்டக் கழட்டியாச்சும் பாத்துருவோம்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களுக்கு நடுவில் குந்தினார். "நீங்க நகருங்கண்ணே, உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதுல்ல."

மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்கள். அவற்றைப் பேப்பரில் பரப்பி, மண்ணை இப்படியும் அப்படியும் தள்ளி, பொறுமையாகத் தேடினார். ஒரு பொரித்தூளைக்கூட எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்தார். ஹரிராமுக்கு அந்த மனிதரின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்போல் இருந்தது. பிடித்தால் சொல்ல வேண்டும். சொன்னால் மாலையை எடுத்துக்கொண்டு அவர் எழுந்து போய்விடலாம். போகாமல், அழவும் செய்யலாம். இரண்டில் எதைத் தன்னால் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இந்தச் சனியன்தான் கண்ணை மறைக்குது" என்று உக்கிரபாண்டி அந்தச் சுருளை இரண்டு விரலால் தூக்கினார். தூக்கத் தூக்க அது பேப்பரிலிருந்து முழுக்க விடுபடாமல் நீண்டுகொண்டே வந்தது. கையை உயர்த்தி, எங்கே போடலாம் என்று பார்க்கத் தலையைத் திருப்பினார்.

கை அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே சூடாமணியின் இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டிச் சேர்ந்து விரிந்திருந்தன.