அந்த அக்டோபரில் ராணியின் படகு

வாசல் வரைக்கும் வந்த சிபில், உள்ளே போக மாட்டேன் என்று நின்றுவிட்டாள். பாவாடை விளிம்பெல்லாம் ஆற்றங்கரைச் சேறு. டெப்ட்ஃபோர்டிலிருந்து கிரீனிச்சுக்கு ஓட்டமும் நடையுமாக வந்ததில் மூச்சு இரைத்தது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு என்னம்மா இது?" மகள் தாமசின் அவள் முழங்கையைப் பிடித்தாள். இடுப்பில் குழந்தை கனத்தது.

"அந்த மனுஷன் என்னைக் கூப்பிட்டாரா? முதல்ல அதைச் சொல்லு."

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் தாமசின் நினைத்தாள். வாய் வரவில்லை. "கூப்பிடல. காலையில பாதிரியார் வந்து அப்பாவுக்குக் கடைசி எண்ணெய் பூசிட்டுப் போயிட்டார்மா."

"இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னால என் துணிமூட்டையை இங்கதான் கொண்டாந்து வெச்சார். இதோ, நீ நிக்கற இடத்துல. அவர் வான்னு சொல்லாம நான் எப்படிடி உள்ள போறது?"

உள்ளேயிருந்து பக்கத்து வீட்டு பெட்ரனெல் சத்தம் போட்டாள். "யாரா இருந்தாலும் உள்ள வந்து கதவைச் சாத்துங்க! காத்து உள்ள அடிக்குது, மனுஷன் நடுங்கறாரு!"

சிபில் ஒரு கணம் திகைத்தாள். பிறகு சட்டென்று உள்ளே நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டாள். அது எப்போதும் சிக்கும் தாழ்ப்பாள். சற்றே தூக்கித்தான் தள்ள வேண்டும். அவள் கை தூக்கித்தான் தள்ளியது.

அடுப்போரம் வைக்கோல் மெத்தையில் கண்மூடிக் கிடந்தார் ஆம்ப்ரோஸ். தேம்ஸில் நாற்பது வருஷம் துடுப்புப் போட்ட தோள்கள் இரண்டும் எலும்பாகத் துருத்திக்கொண்டிருந்தன. அந்த இலையுதிர்காலத்துக் காய்ச்சல் வீடு வீடாக ஆட்களை வாரிக்கொண்டு போயிருந்தது. அவரிடம் அது கடைசியாகத்தான் வந்தது.

சிபிலின் மூட்டை வாசலுக்கு வந்தது, ராஜா தன் ராணியின் தலையை எடுத்த வருஷம். ராணி கெட்டுப்போனாள் என்று சொல்லி, அவளுக்கு முன்னால் ஐந்து ஆண்களின் தலையும் போயிருந்தது; அதில் ஒருவன் அரண்மனை வாத்தியக்காரன். மே மாதம் முழுக்க ஆற்றிலும் மதுக்கடையிலும் வேறு பேச்சில்லை. அப்போது ஆம்ப்ரோஸ் வீட்டில் அரண்மனை மராமத்துக்கு வந்திருந்த ஒரு டச்சுத் தச்சன் தங்கியிருந்தான். சிபில் அவனுக்குச் சோறு போட்டாள், கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுத்தாள். மதுக்கடையில் யாரோ ஒருவன், "ராணிக்கு ஒரு வாத்தியக்காரன், சிபிலுக்கு ஒரு தச்சன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸும்தான் சிரித்தார். வீட்டுக்கு வந்து, அடிக்காமல், ஒரு வார்த்தை திட்டாமல், அவள் துணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்தார். அப்போது தாமசின் அவள் வயிற்றில் இருந்தாள்.

சிபில் தன் அண்ணன் வீட்டில் பிள்ளை பெற்றாள். பியர் காய்ச்சக் கற்றுக்கொண்டாள். டெப்ட்ஃபோர்டு கப்பல்காரர்கள் வேறு வீட்டு பியரைத் தொடாத அளவுக்குக் கை தேர்ந்தாள். பிறந்த மகள் தாமசின், தனக்குக் கல்யாணமான பிறகு, தானாகவே ஒருநாள் கிரீனிச் துறைக்கு வந்து ஆம்ப்ரோஸின் படகில் ஏறி உட்கார்ந்தாள். அக்கரை போய்ச் சேரும்வரை அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டார். கூலி வாங்கவில்லை. அதற்கப்புறம் அவள் கொண்டுவரும் கஞ்சியைக் குடிப்பார், கிழிந்ததைத் தைக்கக் கொடுப்பார். ஆனால் அம்மா பேச்சை எடுத்தால் மட்டும் பேச்சு ராணியிடம் போய்விடும். "ஒண்ணுமில்லாமலா ராஜா தலையை வாங்கினாரு?" என்பார். அவரைப் பொறுத்தவரை அந்த இரண்டு பெண்கள் மீதும் இருந்தது ஒரே வழக்கு, ஒருத்தியை விடுவித்தால் இன்னொருத்தியையும் விடுவித்தாக வேண்டும் என்பது தாமசினுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

மணிச்சத்தம் கேட்டது. முதலில் ஒரு மணி, பிறகு கோயிலில் இருந்த அத்தனை மணிகளும். பெட்ரனெல் வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"இப்ப ஆள்ற ராணியம்மா, பழைய ராஜாவோட மூத்த மக, காலையில செத்துப்போச்சாம்! தங்கச்சிதான் இனிமே ராணியாம்! அதான், தலைபோன அந்த ராணியோட மக!"

ஆம்ப்ரோஸ் கண்ணைத் திறந்தார். "யாரோட மக?"

கேட்ட பிறகுதான் காலடியில் நிற்பவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சிபிலும் பார்வையைத் திருப்பவில்லை.

"நம்ம ஊர் அரண்மனையில பொறந்த புள்ளதாண்ணே," என்றாள் பெட்ரனெல். "முடி ராஜா முடியேதான்னு சொல்றாங்க, செக்கச்செவேல்னு."

"முடி இருந்தா ஆத்தா நல்லவ ஆயிடுவாளா?" குரல் கரகரத்தது. பார்வை மட்டும் சிபில் மேலேயே இருந்தது. "அந்த வாத்தியக்காரன் ஒத்துக்கிட்டான். அவளோட சொந்த மாமனே தீர்ப்பைப் படிச்சாரு."

"மத்த நாலு பேரு ஒத்துக்கல," என்றாள் சிபில்.

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"சாகப்போறவன் எவன் ஒத்துப்பான்?"

"சாகப்போறவன்தான்யா ஒத்துப்பான். அதுக்கு மேல என்ன பயம் அவனுக்கு?"

"இப்பவா இந்த வழக்கு? விடுக்கா," என்றாள் பெட்ரனெல். தாமசின் அம்மாவின் தோளைத் தொட்டாள். சிபில் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு, முக்காலியை இழுத்து அவர் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.

"விசாரணையை வேடிக்கை பாக்கப் போனவங்க வந்து சொன்னதுல ஒண்ணு மட்டும் என் மனசைவிட்டுப் போகவே இல்ல. அதுக்கு மூணு வருஷம் முந்தி, செப்டம்பர்ல, ராணிக்கு இங்க இந்தப் புள்ள பொறந்துச்சு. அடுத்த மாசமே வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போய் ஒருத்தனோட இருந்தாள்னு குற்றம் படிச்சாங்களாம். நீ அப்ப அரண்மனைத் துறையிலதானே படகு வெச்சிருந்தே? ராணி இங்கேருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போறதுன்னா ஆத்து வழியாத்தான் போகணும். அந்த அக்டோபர்ல ராணியோட படகு ஆத்துல மேல போச்சாய்யா?"

மணிகள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. ஆம்ப்ரோஸ் கூரை உத்தரத்தைப் பார்த்தார். போர்வைமேல் கிடந்த விரல்கள் மடங்கி விரிந்தன. அவருக்குக் கேட்கவில்லையோ என்று தாமசின் குனிந்தாள்.

"இல்ல," என்றார்.

சிபில் முக்காலியோடு இன்னும் நெருங்கினாள்.

"கட்டியே கெடந்துச்சு. மாசம் பூரா மழை. நாங்கதான் தண்ணியை எறைச்சு எறைச்சு ஊத்தினோம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தப் பொண்ணு பச்சை உடம்பு. தீட்டுகூடக் கழியல. எங்க போயிருப்பா?"

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"படகு கெடந்தது தெரியும். அதைப் பத்தி யோசிக்கல." கண்ணை மூடித் திறந்தார். "யோசிச்சிருந்தா நிறைய யோசிக்க வேண்டி வந்திருக்கும், சிபில்."

தச்சனைப் பற்றி அவள் கேட்கப்போகிறாள் என்று தாமசின் காத்திருந்தாள். சிபில் கேட்கவில்லை. எழுந்து போய்ச் சட்டியில் இருந்த பியரைக் கொஞ்சம் சூடாக்கினாள். துணியில் நனைத்து அவர் உதட்டில் பிழிந்தாள். அவர் நாக்கை நீட்டி நக்கினார்.

"உன் கைப்பக்குவமா இது?"

"இல்ல. இது பெட்ரனெல் காய்ச்சினது."

"அதானே பார்த்தேன்," என்றார்.

"நான் இங்கதாண்ணே நிக்கறேன்!" என்றாள் பெட்ரனெல். மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

ஆம்ப்ரோஸ் தாமசினைப் பார்த்துக் கையை அசைத்தார். "அதை இங்க குடு." குழந்தை பிறந்ததிலிருந்து அவர் தூக்கியதே இல்லை. கையெல்லாம் தார் நாற்றம் என்று சொல்லிவிடுவார். தாமசின் அதை அவர் மார்போரம் கிடத்தினாள். குழந்தை அவர் தாடியைப் பிடித்து இழுத்தது.

"உன் மூக்கு," என்றார் சிபிலிடம்.

"என் மூக்கா? நல்லாப் பாருய்யா. உங்கம்மா மூக்கேதான் இது. தாமசினுக்கும் அதே மூக்குதான்."

அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு தாமசினைப் பார்த்தார். முதல்முதலாகப் படகில் பார்த்ததுபோலவே அவசரமில்லாமல் பார்த்தார். நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பியது. இருமல் என்றுதான் தாமசின் பயந்தாள். சிரிப்பு.

"ஆமா," என்றார். "பாவம், புள்ளைங்க."

வெளிச்சம் மங்குவதற்குள் போய்விட்டார். சிபிலின் ஒரு கை அவர் நெற்றியில் இருந்தது. மூச்சு நின்றதை அந்தக் கைதான் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

சாவு மணிக்குச் சொல்லிவிட்டு வரத் தாமசின் கோயிலுக்குப் போனாள். மணியடிப்பவர் வியர்த்து வழிய, கயிற்றை விடாமலே திரும்பிப் பார்த்தார். "இன்னைக்கு எந்த மணியை நிறுத்திட்டு எதை அடிக்கறது தாயி? இதுல உங்க அப்பாவுக்கும் சேத்து அடிச்சதா வெச்சுக்க." தாமசினுக்குக் கோபம் வரவில்லை. வெளியே வந்து, கல்லறைத் தோட்டச் சுவரில் சாய்ந்து நின்று, அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

அவள் திரும்பி வருவதற்குள் சிபில் சட்டைக் கைகளை முழங்கை வரை சுருட்டி விட்டுக்கொண்டு அவரைக் குளிப்பாட்டி முடித்திருந்தாள். தலைகூட வாரி விட்டிருந்தாள். புது ராணிக்காகத் தெருவில் கட்டைகளை அடுக்கி நெருப்பு மூட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு மேசைகளைத் தூக்கி வெளியே போட்டு, ரொட்டியும் இறைச்சியும் பரப்பிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

சிபில் வாசலில் கிடந்த பலகையில் வந்து உட்கார்ந்தாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தத் தெருவுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி, சூடான ரொட்டித் துண்டோடு தயங்கித் தயங்கி வந்தாள்.

"காலையிலேருந்து சாப்பிட்டிருக்க மாட்டீங்க. நீங்க அவருக்கு என்ன உறவும்மா?"

தாமசின் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் இந்த வீட்டுக்காரி," என்றாள் சிபில்.

ரொட்டியை வாங்கி இரண்டாகப் பிய்த்தாள். ஆவி பறந்தது. ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே, அந்தப் பெண்ணும் உட்காரும்படியாகப் பலகையில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.