பக்கெட்டைக் கொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை

பக்கெட்டைக் கொன்றுவிடுவது என்ற முடிவோடுதான் அந்த ஞாயிறு மத்தியானம் வெண்டெல் வீட்டு நிலவறைக்குப் படியிறங்கினேன்.

பக்கெட் என்பது நான் விளையாடும் ரோபோ. முழங்கால் உயரம், ஆறு கை, நெற்றியில் ஒரு விளக்கு. போர்க்களத்தில் அடிபட்டுக் கிடக்கும் இயந்திரங்களைத் தேடிப் போய்ப் பழுதுபார்ப்பது அதன் பிழைப்பு. போர்க்களம் என்றால் மேசைமேல் விரித்த ஒரு தாள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெண்டெலின் வாயிலும் இருபது முகம் கொண்ட எங்கள் பகடைகளிலும் நடக்கிறது. அவர் கதையைச் சொல்லி ஆபத்தை அவிழ்த்துவிடுவார். நான், கர்ட், டெனிஸ் மூன்று பேரும் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போன வயதில் இது என்ன விளையாட்டு என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் வடகோடியில் எங்கள் ஊரான டுலூத்தில் ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கட்டும்.

வாரம் முழுக்க நான் செய்வதும் இதே வேலைதான். தெருப்பனியைத் தள்ளும் வண்டிகளுக்கு மெக்கானிக். ஒன்றைச் சரிபண்ணி அனுப்பினால் மறுநாள் அதுவே வேறு இடத்தில் உடைந்து வந்து நிற்கும். ஞாயிறன்றாவது தூங்கலாம் என்றால் இங்கே வந்து ஆட்டத்தில் கர்ட்டின் வண்டிக்கு இரும்புக் காலைப் பற்றவைக்க வேண்டும். வரவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். முடியாது, வேண்டாம் போன்ற சொற்கள் எனக்குத் தொண்டையோடு நின்றுவிடும். யார் எதைக் கேட்டாலும் தலை தானாக ஆடிவிடும்.

ஆனால் எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரின் கதாபாத்திரம் செத்தால் அதன் பகடையை அலமாரியில் உள்ள ஊறுகாய் ஜாடிக்குள் போட்டுவிட வேண்டும். போட்டவர் விரும்பினால் எல்லோருக்கும் கைகுலுக்கிவிட்டு ஆட்டத்தை விட்டே விலகிக்கொள்ளலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. எனக்கு வேண்டியது அந்த ஜாடிதான்.

"வாம்மா மகராசி!" என்றான் கர்ட், வாயில் மான்கறி சாசேஜோடு. பள்ளி வண்டி ஓட்டுகிறவன், குரல் எப்போதும் கடைசி இருக்கை வரைக்கும் போகும். "ஆட்டம் முடிஞ்சதும் என் டிரக்க கொஞ்சம் பாரேன். ஸ்டார்ட் பண்ணா பன்னிக்குட்டி மாதிரி கத்துது."

"பாக்குறேன்" என்றேன். பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன்.

"இவனுக்கு டிரக்கோட மூடியத் திறக்கவே தெரியாது" என்றாள் டெனிஸ். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். ஆட்டத்தில் குறிதவறாமல் சுடுபவள்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் படை தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கின் கோடியில் கடைசிக் கப்பல் காத்திருந்தது. ஏறிவிட்டால் உயிர் பிழைக்கலாம். கர்ட்டின் பாத்திரம் இரண்டு காலில் நடக்கும் ஒரு பெரிய கவச வண்டி. வழக்கம்போல முதல் குண்டிலேயே அவன் அலறினான்.

"கால் போச்சு! லோர்னா, என் காலு!"

"பக்கெட் போகுது" என்றேன். "நேரா, திறந்த வெளியில."

வெண்டெல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பாறைக்குப் பின்னால பாதை இருக்கேம்மா."

"திறந்த வெளியிலதான்."

சாவதென்றாலும் வேலையை முடித்துவிட்டுச் சாகட்டும் என்று கர்ட்டின் காலைச் சரிசெய்தேன். எதிர்பார்த்தபடியே அடுத்த குண்டு பக்கெட்டின்மேல் விழுந்தது.

"நாலு கை போச்சு. விளக்கு மினுங்குது" என்றார் வெண்டெல். "யாராவது சரிபண்ணாட்டி அணைஞ்சிடும்."

எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. "கப்பல் கிளம்பப் போகுது. நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. அதை விட்டுடுங்க."

கர்ட் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். "அதை எப்படிச் சரிபண்றது?"

இத்தனை வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. கால் போச்சு என்பான், கால் வந்துவிடும்.

"உனக்கு அந்தப் பயிற்சியே கிடையாது" என்றார் வெண்டெல். "இருபது விழுந்தாத்தான் ஆகும். கப்பலுக்குப் போ."

கர்ட் உருட்டினான். நான்கு.

"நான் கப்பல்லேர்ந்து இறங்குறேன்" என்றாள், ஏற்கெனவே ஏறிவிட்டிருந்த டெனிஸ்.

"ஏய், உனக்கென்ன பைத்தியமா?" என்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. உருட்டினாள், ஏழு. கர்ட் மறுபடி உருட்டினான். வெண்டெலின் குரல் தேய்ந்துபோனது. "கப்பல் போகுது. சொல்லிட்டேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க." அவர் விதியை வளைக்காத மனுஷர். கப்பல் போயிற்று. குண்டுகள் விழுந்தன. பக்கெட்டின் விளக்கு அணைந்தது, அதைச் சுற்றி மற்ற இருவரும் செத்தார்கள். டெனிஸுக்கு முதல் பேரன் பிறப்பதற்கு முன்னால் தொடங்கிய போர் அது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்களுக்கு அறிவிருக்கா? நான் சாகத்தான்டா போனேன்! எனக்கு முடியல. எதைப் பாத்தாலும் ரிப்பேர். அது செத்தா நானும் கைகுலுக்கிட்டுப் போய்த் தூங்கலாம்னு வந்தேன். நீங்களும் கூடவே செத்து அதையும் கெடுத்துட்டீங்களே!"

கர்ட் பகடையைக் கீழே வைத்தான்.

"சொல்லியிருக்கலாம்ல" என்றான் கர்ட். அந்தக் குரல் எனக்குப் புதிது.

"எங்க சொல்ல விட்ட? படியிறங்குறதுக்குள்ள டிரக்கப் பாருங்குற!"

மூன்று பகடைகளும் ஜாடிக்குள் விழுந்தன. நான் எழுந்து கையை நீட்டினேன், வழக்கப்படி. கர்ட் பிடித்தான், குலுக்கவில்லை. என் விரல்களைத் திருப்பிப் பார்த்தான். குளிரில் வெடித்து, வெடிப்புகளில் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தன. மடையன் கண் கலங்கினான். எனக்கும் அழுகை வந்தது, கையை உருவிக்கொண்டேன்.

வெண்டெல் பெட்டியிலிருந்து புதுத் தாள்களை எடுத்தார். "எல்லாரும் செத்தாச்சு. முதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். யாருக்கு என்ன வேணும்?"

"பழுதுபாக்குற ரோபோவ நான் எடுத்துக்குறேன்" என்றான் கர்ட்.

டெனிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "எல்லாரும் முதல் நாளே காலி!"

"லோர்னா, உனக்கு?" என்றார் வெண்டெல்.

"வேண்டாம்" என்றேன்.

அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது எனக்கே ஆச்சரியம். வானம் இடிந்து விழவில்லை. வெண்டெல் தரைமட்டச் சன்னலுக்குக் கீழே இருந்த சோபாவைக் காட்டி ஒரு கம்பளியைத் தூக்கிப் போட்டார். ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்தேன்.

"லோர்னா, அந்த மூணாவது கை எதுக்கு?"

"புத்தகத்தப் படிடா."

கண் செருகியது. எப்போது ஆட்டத்தை முடித்தார்கள் என்று தெரியாது. சன்னலுக்கு வெளியே கர்ட் டிரக்கை ஸ்டார்ட் செய்யும் சத்தத்தில்தான் விழிப்பு வந்தது. பன்னிக்குட்டியேதான். பெல்ட் தளர்ந்திருக்கிறது. பத்து நிமிட வேலை, ஸ்பேனர் என் கோட்டுப் பையிலேயே இருக்கிறது.

கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.