பின்சீட்டில் ஒரு பாட்டு

ஆறு மாதத்துக்குள் சாலமோனின் காரில் தாழ்ந்த ஒலியை அதிரவைக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் இரண்டாவது முறையாக எரிந்துபோனது. சேலையூரில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் மிருதுளா அதைக் கழற்றி, உள்ளே கருகிக் கிடந்த காயில் கம்பிச்சுருளைக் காட்டினாள்.

"ஆம்ப் சின்னது சார். வால்யூமை முழுசா ஏத்தினா அதால முடியாது, சத்தத்தை வெட்டி வெட்டி அனுப்பும். அந்தச் சூட்டுல காயில் கருகிடும். எதுக்கு சார் இவ்ளோ சத்தம்?"

சாலமோன் தயங்கினார். "பொண்ணுக்குக் காது கேக்காதும்மா. சீட்டுல சாஞ்சு, அந்த அதிர்வுலதான் பாட்டைத் தெரிஞ்சுக்குவா. அவளுக்கு எட்டட்டும்னு ஏத்திக்கிட்டே போவேன்."

மிருதுளா பெரிய ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தினாள். டிக்கியின் மூலையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியில் புது சப்வூஃபரை மாட்டி, அந்தப் பெட்டியை நகர்த்திப் பின்சீட்டின் முதுகோடு ஒட்டி இறுக்கினாள். பிறகு சாலமோனோடு வந்திருந்த ஒன்பது வயது மகள் ஜெரூஷாவை அங்கே உட்காரவைத்து, வால்யூமை மெல்ல ஏற்றினாள்.

பாதிகூட ஏறவில்லை. ஜெரூஷா கண்களை அகல விரித்து, போதும் என்று கைகாட்டினாள்.

இத்தனை நாளும் சாலமோன் தன் காது வலிக்க வலிக்க ஏற்றியும் மகளுக்கு எட்டாத பாட்டு அது. ஜெரூஷா அவரைக் கைபிடித்து உள்ளே இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவர் சீட்டில் முதுகைச் சாய்த்து, மகளைப் போலவே அந்தப் பாட்டைக் கேட்டார்.