சத்தமில்லாத வீடு

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ராஜபாளையத்தில் அறிவொளி வகுப்பு தொடங்கியபோது, இந்த வயதில் நானும் போய் உட்கார்ந்தேன். வீட்டில் வேறு ஆளில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் நூர்பானு டீச்சர் ஒரு கவிதை வாசித்தாள். பேச்சுச் சத்தம் இல்லாத வீடு பாழ் என்றது அது.

"மனசுல என்ன தோணுது, சொல்லுங்க."

"எழுதுனவன் பொய் சொல்லுதான்" என்றேன்.

பக்கத்தில் இருந்த மெகராஜ் சிரித்தாள். "தாத்தாவுக்கு எல்லாமே பொய்தான்."

"சும்மா இரு ஏட்டி. நானும் என் வீட்டுக்காரி ரோசம்மாளும் நூல் மில்லுல வேலை பாத்தோம். மிஷின் இரைச்சல்ல பேச்சு கேக்காது, கையாலதான் பேசுவோம். வீட்டுலயும் அதே பழக்கம். சத்தமே இருக்காது, வீடு நெறைஞ்சு கெடந்துச்சு. அவ செத்த பொறவு நாள் பூரா ரேடியோ அலறுது. இப்பதான் பாழ்."



"சாப்பிட்டியான்னு பாட்டி கையால எப்படிக் கேப்பாக, தாத்தா?" என்றாள் டீச்சர்.

இவளுக்கு எதற்கு அது? ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கவா?

"மறந்துபோச்சு" என்றேன்.

ஆனால் என் கை தானாக எழும்பி, மணிக்கட்டை விசிறி, சாப்பிட்டாச்சு என்று ரோசம்மாளுக்குப் பதில் சொல்லிவிட்டது.

"என்ன தாத்தா, ஈயா?" என்றாள் மெகராஜ்.

"ஆமா. ஈதான்."