நெற்றியில் பன்னிரண்டு, நெஞ்சில் பதினெட்டு

"ஊசியோட என் வாசலை மிதிக்கப்படாது. பச்சப்பிள்ள காலுல குத்தி ரத்தம் எடுக்கவா உங்கள வரச் சொன்னேன்?" என்று மாரிசெல்வி கத்தியது, மூன்று வீடு தள்ளி உளுந்து புடைத்துக்கொண்டிருந்த எங்களுக்குக் கேட்டது. கேட்டபின் உளுந்தாவது ஒன்றாவது. முறத்தை வைத்துவிட்டு அவள் வாசலில் போய் நின்றோம்.

கிராம நர்ஸ் முத்துசெல்வியும் குரலில் இளைத்தவளல்ல. ஊசியே கொண்டுவரவில்லை, வேண்டுமானால் பையைக் கொட்டிப் பார்த்துக்கொள் என்று பதிலுக்குச் சத்தம் போட்டாள். பையிலிருந்து டார்ச் லைட் மாதிரி ஒன்றை எடுத்தாள். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்கிற கருவியாம். தோலில் வைத்து அமுக்கினால் ஒரு வெளிச்சம் வெட்டும், எண் வரும். சொட்டு ரத்தம் வேண்டாம். நல்லபடியாக இருக்கிற பிள்ளைக்கும் பார்த்துவிட வேண்டுமாம். எண் மிஞ்சினால் மூளை கெடும், காது போகும் என்றாள்.

பிள்ளை மாரிசெல்வியின் தங்கை ஆனந்திக்குப் பிறந்தது. ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. தாயில்லாத ஆனந்தியை ஆடு மேய்த்து வளர்த்து, கோவில்பட்டி மில்லில் வேலை பார்க்கும் சக்திகுமாருக்குக் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவத்துக்குப் புதூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்கு அழைத்துவந்ததும் மாரிசெல்விதான். முப்பத்தாறு வயதாகியும் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை அமையவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரையும் அவள் வாயே விரட்டிவிட்டது என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு.

"வெயில்ல காட்டுனீங்களாக்கா?" என்று நர்ஸ் கேட்டாள். மஞ்சள் இறங்குமென்று நம்பி அப்படிக் காட்டக் கூடாதென்று போன தடவையே திட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"நீங்க சொன்ன பொறவு நான் எதுக்குக் காட்டுதேன்?"

நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். தினமும் காலையில் ஆட்டுக்கொட்டகைச் சுவரோரம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்காருவது ஊருக்கே தெரியும். காற்றுப் படுமென்று கழுத்துவரை துணியைச் சுற்றி, முகத்தை மட்டும் வெயிலுக்குக் கொடுப்பாள். அடுத்த வீட்டுக் குழம்பில் உப்புக் கூடினால் தெருவெல்லாம் சொல்லுகிற நாங்கள், அன்றைக்குப் பார்த்து மரியாதை காத்தோம்.

நர்ஸ் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு. பயமில்லை என்று கருவியைப் பைக்குள் போட்டாள். இதற்கா வந்தீர்கள் என்பது போல மாரிசெல்வி எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆனந்தி, அக்கா பக்கம் திரும்பாமல் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா பொய் சொல்லுதா சிஸ்டர். மூணு நாளா பிள்ள முகத்த வெயில்ல காட்டுதா. நேத்துலருந்து அது பாலுக்கு முழிக்க மாட்டேங்குது."

முத்துசெல்வியின் முகம் மாறிவிட்டது. வெயில் பட்ட இடத்தில் தோலின் மஞ்சள் வெளுத்துப்போகும், ரத்தத்தில் இருப்பது அப்படியே இருக்கும் என்று சொல்லிக்கொண்டே துணியை அவிழ்த்து நெஞ்சில் வைத்தாள். பதினெட்டு. இன்னொரு தடவை வைத்தாள். பதினெட்டேதான். இனி ரத்தம் எடுத்துத்தான் ஆகவேண்டும், வண்டியைக் கூப்பிடுங்கள் என்றாள்.

ஆஸ்பத்திரியில் குதிகாலில் குத்தும்போது அந்தக் காலைப் பிடித்துக்கொண்டது மாரிசெல்விதான் என்று கூடப் போன வெயிலுகந்தம்மாள் வந்து சொன்னாள். ரத்தத்தில் இருபது. மூன்று நாள் நீல விளக்கின் கீழ் போட்டிருந்தார்கள். எண் இறங்கியது, பிள்ளை பாலுக்கு அழுதது. காதை மட்டும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றுவிட்டார்கள். ஆனந்தி அங்கிருந்தே புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். துணிமணி எடுக்க சக்திகுமார் மட்டும் வந்தான்.

காது நன்றாகக் கேட்கிறது என்ற சேதி பிறகு வந்தது, எங்கள் வழியாகத்தான் மாரிசெல்விக்குப் போனது.

தை மாதம் வந்த மாப்பிள்ளையை மாரிசெல்வி விரட்டவில்லை. குளத்தூர் உப்பளத்தில் வேலை பார்க்கும் தங்கப்பாண்டியைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு ஆனந்தி வந்தாள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் மாரிசெல்வி குளத்தூருக்குப் போனாள்.